கடியாரம் கத்துற வரைக்கும் காத்திருப்பியா, பேராண்டி?

வாடா பேராண்டி, உக்காரு. தியோமான் தீவுக்குக் கடல்ல முங்கப் போறியாமே! கையில அது என்னா, டைவ் கம்ப்யூட்டரா? வெலைய மட்டும் சத்தமாச் சொல்லிடாத. பாட்டி காதுல விழுந்தா எனக்கும் சேத்து ராத்திரி சோறு கெடைக்காது. ஆழம் காட்டுமாம், நேரம் காட்டுமாம், முதுகுல இருக்குற சிலிண்டர்ல காத்து எவ்வளவு மிச்சம்னு வயரே இல்லாமக் காட்டுமாம். சந்தோசம். அதுல ரிசர்வ் 50 பார்னு இருக்கே, அத வச்சது யாரு? நீயா, கடைக்காரனா, பொட்டியிலேயே அப்படித்தான் வந்துச்சா? என்னா முழிக்கிற?

நீச்சல் தெரியாத கெழவன், தானா ராத்தாவுல 1,400 மீட்டர் ஒசரத்துல குந்திக்கிட்டுக் கடலப் பத்தி நாயம் பேசுதுன்னுதானே சிரிக்கிற? சிரி. கையேட்ட நீ குப்பையில போட்ட. நான் எடுத்துக் கண்ணாடி மாட்டிப் படிச்சேன். கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுன கைடா இது.

தூத்துக்குடிப் பக்கம் நம்மாளுங்க முத்துக் குளிச்சாங்களே, கேள்விப்பட்டிருக்கியா? 1961-லதான் அங்க கடைசியா முத்துக்குளிப்பு நடந்துச்சு. காலுல கல்லு, இடுப்புல கயிறு, நெஞ்சுல ஒரே ஒரு மூச்சு. மேல வள்ளத்துல கயித்தப் புடிச்சிக்கிட்டு ஒருத்தன். கீழ இருந்து சுண்டுனா மேல இழுக்கணும். அலாரமும் அவன்தான், ரிசர்வும் அவன்தான். சுறா வாயக் கட்ட 'கடல்கட்டி'ன்னு ஒரு மந்திரக்காரரு வேற. அவருக்குச் சிப்பியில பங்கு. நீ இப்ப அந்தப் பங்கக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கட்டுற. மந்திரத்த நம்பி அன்னிக்குக் கயித்துக்காரன் தூங்கிடலடா.

அடுத்த கதை சிலிண்டரு. 1943-ல பிரான்சுல கூஸ்தோவும் காஞானும் சேந்து முதுகுல மாட்டிக்கிட்டு மூச்சு விடுற மிசினச் செஞ்சாங்க. ரொம்ப நாளைக்கு மிச்சக் காத்தப் பாக்க மீட்டர் கெடையாது. ஜே வால்வுன்னு ஒண்ணு வச்சாங்க. காத்து கொறைஞ்சா மூச்சு இழுக்கக் கஷ்டமாயிடும். கம்பியக் கீழ இழுத்தா மிச்சம் கொஞ்சம் வரும், அதோட மேல ஏறிடணும். என் பழைய கப்சாய் மோட்டார்ல பெட்ரோல் குழாயி இருந்துச்சே, அதே கூத்துதான். வண்டி இருமுனா ரிசர்வுக்குத் திருப்பு. ஆனா போன வாரமே திருப்பிட்டு மறந்துட்டீன்னா? ரிங்லெட் ஏத்தத்துல தள்ளிக்கிட்டு வர வேண்டியதுதான். ஜே வால்வுக்காரனுக்கும் அதே கதி. கம்பி எதுலயாச்சும் இடிச்சு முன்னாடியே எறங்கியிருந்தா, இழுக்கும்போது அங்க ரிசர்வே இருக்காது. வண்டியத் தள்ளலாம். தண்ணிக்குள்ள எதத் தள்ளுவ?

இப்ப உன் 50 பாருக்கு வா. பேப்பர எடு.

உன் சிலிண்டரு 11 லிட்டரு. 50 பார்னா 550 லிட்டர் காத்து. நெறையத்தான் தெரியும். ஆனா 30 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்குறதப்போல நாலு மடங்கு. ஒவ்வொரு மூச்சும் நாலு மூச்சுக் காத்தத் தின்னும். கூட வர்றவனுக்குக் காத்து தீந்து, பதறிப்போயி உன்கிட்ட வர்றான்னு வையி. ரெண்டு பேருக்கும் மேல்மட்டக் கணக்குல நிமிசத்துக்கு 30, 30, ஆக 60 லிட்டரு. பயந்தவன் அதுக்கும் மேலயே இழுப்பான். கையக் காட்டி, வாய்ல மாட்டி, நிதானமாக ஒரு நிமிசம்: 240. நிமிசத்துக்கு 9 மீட்டருன்னு 5 மீட்டருக்கு ஏற ஏறக்குறைய மூணு நிமிசம்: கிட்டத்தட்ட 495. அங்க மூணு நிமிசம் நிக்கணும்னு உன் வாத்தியாரே சொல்லிருப்பாரு: 270. மொத்தம் 1,005. பதினொண்ணால வகுத்தா 91 பார். கடைசி 5 மீட்டர நான் இன்னும் சேக்கவே இல்ல.

இதே கணக்க 12 மீட்டருக்குப் போட்டுப் பாரு. 50 பக்கத்துல வந்து நிக்கும். அப்ப 50ங்கிறது பொய்யில்ல, கரையோரத்துப் பவளப்பாறைக்கு அது சரி. அதையே ஆழத்துக்கும் தூக்கிட்டுப் போறதுதான் கோளாறு. ஆழத்துக்கு ஏத்த மாதிரி எண்ண மாத்தச் சொல்லித்தானே கம்ப்யூட்டர்ல ஒரு பொத்தானையே வச்சிருக்கான்? நீ அத அமுக்கி முகப்புக் கலரத்தானே மாத்துன! இன்னொண்ணு: இரவல் கம்ப்யூட்டருன்னா அது பாரா, பி.எஸ்.ஐ.யான்னு பாத்துக்க. அமெரிக்கக்காரன் 500ன்னு சொன்னா அது நமக்கு வெறும் 34.

'இன்னும் இத்தன நிமிசம் காத்து இருக்கு'ன்னு ஒண்ணு காட்டுமே, அதயும் கையேட்டுல பாத்தேன். கடைசியா நீ விட்ட மூச்ச வச்சு, இப்ப நிக்கிற ஆழத்துக்குப் போடுற கணக்கு. ஆமைய ஒக்காந்து வேடிக்க பாத்தா 20ன்னு காட்டும். நீரோட்டத்துல ரெண்டு எத்து எத்துனா பாதி காணாமப் போயிரும். ஒரு கம்பெனி மேல ஏறத் தேவப்படுற காத்தயும் கழிச்சுட்டுச் சொல்லும். இன்னொருத்தன் ரிசர்வத் தொடுற வரைக்கும் மட்டும் சொல்லுவான். உன்னது எந்த ரகம்? தெரியாதா? அப்ப அந்த 20 யாரோட 20?

அலாரத்துக்கு வா. எட்டுப் பேரு எறங்குறீங்க, எட்டுப் பேரு கையிலயும் கத்துற கடியாரம். தண்ணியில சத்தம் காத்துல போறதப்போல நாலு மடங்குக்கு மேல வேகமாப் போகும், எந்தப் பக்கமிருந்து வருதுன்னு காதுக்குப் புடிபடாது. ஒண்ணு கத்துனா எட்டுப் பேரும் மணிக்கட்டப் பாப்பாங்க. நாலாவது தடவ ஒருத்தனும் பாக்கமாட்டான். அஞ்சாவது தடவ எரிச்சல்ல சத்தத்தையே அணைச்சிருப்பான். இதுக்கா அம்புட்டுக் காசு? கண்ணு சும்மாத்தானே இருக்கு? அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நீயே பாரு. கூட வர்றவனையும் விரல்ல காட்டச் சொல்லு. சிலிண்டர்லேருந்து அளவ அனுப்புற டிரான்ஸ்மிட்டர்ல பேட்டரி போனா முகப்புல கோடுதான் நிக்கும். பழைய முள்ளு மீட்டரையும் ஒரு ஓரமா மாட்டிக்க, கவுரவம் ஒண்ணும் கொறையாது.

அப்புறம், மேல வந்ததும் கம்ப்யூட்டர்ல ஒரு ஏரோப்ளேன் படம் தெரியும், இப்ப ப்ளேன் ஏறாதன்னு அர்த்தம். நான் ப்ளேன்ல வரலயே, கார்லதானே வரேன்னு நெனைப்ப. நம்ம மலையும் ப்ளேன் கணக்குதாண்டா, இங்கயும் காத்தழுத்தம் கம்மி. ஒடம்புல கரைஞ்ச நைட்ரஜனுக்கு நீ றெக்கையில ஏறுனியா, சக்கரத்துல ஏறுனியான்னு தெரியாது. நாலஞ்சு தடவ முங்குனவன் கொறைஞ்சது 18 மணி நேரம் கீழ கெடக்கணும். ஞாயித்துக்கிழம மத்தியானம் ரெண்டு மணிக்கு நீ கரையேறுனா, திங்கக்கிழம காலைல எட்டுக்கு முன்னாடி தாப்பா ரோட்டுல வண்டிய ஏத்தாத. அந்த ஒரு நாளுக்கும் சேத்து இப்பவே லீவு கேளு. மலை ஏறக்கூடாதுன்னு சொன்னா உன் மேனேஜரு நம்பமாட்டாரு. கையேட்டுல அந்தப் பக்கத்தக் கிழிச்சு வச்சிருக்கேன், போறப்ப எடுத்துக்கிட்டுப் போ.