மல்லாட்டை: ஒரு சொற்பிறப்பு ஆய்வு

மல்லாட்டை என்பது திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் அராக்கிஸ் ஹைப்போஜியா என்னும் பயறுவகைச் செடிக்கும் அதன் கொட்டைக்கும் வழங்கும் பெயர். வேளாண்மைத் துறையின் தாளில் இது நிலக்கடலை. மளிகைக் கடைப் பொட்டலத்தில் வேர்க்கடலை. மண்டியில் மூட்டை அவிழும்போது மணிலா. கொடியைக் குவித்துப் போட்டுக் காய் ஆயும் களத்தில் மல்லாட்டை மட்டுமே செல்லும்.

இதை ‘மல்’, ‘ஆட்டை’ எனப் பிரித்து, மல்லரையும் ஆட்டையும் உள்ளே கொண்டுவந்து கட்ட ஆசை எழலாம். ஆடு கொடியை விரும்பித் தின்னும் என்பது தவிர இக்கொள்கைக்கு வேறு ஆதாரமில்லை. மல்லர் என்ன தின்றனர் என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

உண்மையான வழி இது: மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடி, 1565 முதல் 1815 வரை அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஆசியக் கரைகளில் பரவியது. மலையாளிகள் கப்பலை மறவாமல் கப்பலண்டி என்றனர். கீழ்பென்னாத்தூர் அடங்கிய ஆற்காட்டுப் பகுதியினர் துறைமுகத்தையே பெயராக்கினர்.

வேர்க்கடலை என்பதோ பிழையான பெயர். காய் வேரில் பிடிப்பதில்லை. பூ வாடியபின் சூலகத்தின் அடிப்பகுதி நீண்டு, ஊசிபோல மண்ணுக்குள் இறங்கி, நுனியில் பருக்கிறது. 40ஆம் நாளை ஒட்டி ஜிப்சம் இட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். நிலக்கடலை தேவலை. மெக்சிகோவின் நாவா மக்களும் கொக்கோவின் பெயருக்கு முன்னால் மண்ணைச் சேர்த்து ‘த்லால்ககவாட்ல்’ என்றனர். வாயில் கடலை இருக்கும்போது சொல்லத் தகாத பெயர்.

மணிலா என்னும் ஊர்ப்பெயருக்குள்ளும் ஒரு செடி இருக்கிறது. தகாலோக் மொழியில் ‘மய்நிலா’ என்றால் நீலச்செடி உள்ள இடம். அந்த ‘நிலா’ வடமொழி ‘நீல’த்திலிருந்து போனது, தமிழ் நிலாவுக்கு உறவல்ல. நீலச்செடி தமிழில் அவுரி. ஆக, இந்தியாவிலிருந்து கடல் கடந்த சொல் ஓர் ஊருக்குப் பெயராகி, கடலையின் முதுகில் ஏறித் திரும்பிவந்து, ஆற்காட்டில் ‘ணி’யைத் தொலைத்தது. மல்லாட்டையில் நீலத்தின் மிச்சம் ‘லா’ என்ற ஓரெழுத்தே. கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி வழியே போனால் வரும் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உண்டு. அவ்வட்டாரத்தில் அவுரியும் விளைகிறது. இரு செடிகளுக்கும் தம் உறவுமுறை தெரிந்ததாகத் தடயமில்லை.

இலக்கணக் குறிப்பு: பேச்சு வழக்கில் இச்சொல் பன்மை விகுதி ஏற்பதில்லை. ஒன்றோடு நிறுத்தியவர் எவரும் இல்லாததால் ஒருமையைப் பிரித்துக் காட்டும் தேவை எழவில்லை.