விருப்ப மனு அண்ணன்

அண்ணன் கட்சி ஆபீசுக்குப் போனால் முதலில் கொடுக்கும் மனு தமக்காக அல்ல. ‘தலைவர் அவர்கள் எங்கள் ஆம்பூர் தொகுதியில் போட்டியிட வேண்டும்’ என்று தலைவர் பெயரில் ஒன்று. அதற்குப் பணம் கட்டி, ரசீது வாங்கி, அதை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொண்டு போட்டோ. பிறகு கூட்டி வந்த பையன்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, வரிசையின் வாலில் போய் நிற்கிறார். இரண்டாவது மனு அவருக்கு. இதற்குப் போட்டோ கிடையாது. கேட்டால், “தொண்டருங்க வற்புறுத்தறாங்கபா, இன்னா பண்றது?” என்பார். வற்புறுத்திய தொண்டர்கள் அப்போது டீக்கடையில் வடை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அண்ணன் ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலுக்கு அ.தி.மு.க.வுக்கு வந்த விருப்ப மனுக்கள் 26,174. அதில் 7,936 மனுக்கள் ஜெயலலிதா தங்கள் தொகுதியில் நிற்க வேண்டும் என்று கேட்டவை. மனுவுக்கு 11,000 ரூபாய் கட்டணம். ஜெயலலிதாவுக்கான மனுக்களை மட்டும் பெருக்கிப் பார்த்தாலே எட்டரைக் கோடியைத் தாண்டுகிறது. அம்மையார் நின்றதோ ஆர்.கே.நகர் என்ற ஒரே தொகுதியில். மிச்சப் பேர் யாரும் ஏமாந்ததாகத் தகவல் இல்லை. ரசீது கைக்கு வந்ததே, அதுதானே வேண்டியது.

ஒருநாள் அமிர்தி பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு சின்னப் பையன் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டான்: “ஏண்ணா, தலைவரு உங்க மனுவப் பாத்துட்டு நெசமாவே ஆம்பூர்ல நின்னுட்டா?”

உதட்டுக்குப் போன கிளாஸ் பாதி வழியில் நின்றது. ஆடை கட்டும் வரை நின்றது. “அவரு எங்கடா வரப்போறாரு?” என்று பட்டென்று சொன்னவர், இடமும் வலமும் திரும்பி, கரை வேட்டி யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, “வந்தா நம்ம பாக்கியம்” என்று முடித்தார். அன்றைக்கு எல்லோருடைய டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

இருப்பு ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில். கேட்பது ஆம்பூர். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று நடத்துகிறார். தோல் வாசனை எட்டுகிற இடமெல்லாம் தமக்குச் செல்வாக்கு உண்டு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குக்கு விழுந்த அடிகளைக் கேட்டால் பாவமாக இருக்கும். 2011இல் அண்ணன் இரட்டை இலைப் பக்கம். ஆம்பூரைக் கூட்டணியில் மனிதநேய மக்கள் கட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அஸ்லம் பாஷா நின்று ஜெயித்தும் விட்டார். மனம் வெறுத்த அண்ணன் உதயசூரியன் பக்கம் தாவினார். 2016இல் தி.மு.க. கூட்டணியில் ஆம்பூர் யாருக்குப் போனது? அதே மனிதநேய மக்கள் கட்சிக்கு. அவர்களும் அண்ணனைப் போலவே அணி மாறி, அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். 2021இல் ஏற்கெனவே எம்.எல்.ஏ.வாக இருந்த வில்வநாதனுக்கே மறுபடி சீட்டு. அந்த முறை பொதுத் தொகுதிக்குக் கட்டணம் 25,000 ரூபாய். அண்ணன் வழக்கம்போல் இரண்டு மனு.

நேர்காணல் வேறு இருக்கிறது. 2021 மார்ச்சில் அ.தி.மு.க. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மனுதாரர்களுக்கு ஒரே நாளில் நேர்காணலை முடித்தது. சோறு தண்ணியில்லாமல் 24 மணி நேரம் உட்கார்ந்தாலும் ஆளுக்குப் பத்து வினாடிதான் தேறும். அதே மாதம் தி.மு.க.வின் அறிவாலயத்தில் கொளத்தூருக்கு மனு கொடுத்திருந்த ஸ்டாலினும் நேர்காணலுக்கு உட்கார்ந்தார். எதிரில் கேள்வி கேட்டவர் நம்ம காட்பாடி துரைமுருகன். “தலைவருக்கே நேர்காணல் வெக்கிறாங்கன்னா எவ்ளோ ஜனநாயகம் பாத்துக்கோ!” என்று அண்ணனுக்கு அதில் ஒரே பெருமை. ஸ்டாலினுக்குச் சீட்டு கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் உள்ளே இருந்தது ஒன்றரை நிமிடம். அதை ஊரில் வந்து சொல்ல முக்கால் மணி நேரம் ஆகிறது. போகப்போகக் கதை வளர்கிறது. போன மாதம் சொன்னபோது தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார். இந்த மாதம் தோளில் தட்டியும் விட்டார்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே அதிபர் வேட்பாளராவதற்குக் கட்சிக்குள்ளேயே தேர்தல் உண்டு. 2016இல் குடியரசுக் கட்சியில் மட்டும் 17 பேர் கோதாவில் இறங்கினார்கள். எல்லோரும் ஒரே கட்சி. ஒருவரை ஒருவர் டி.வி. மேடையில் வாரிக்கொண்டார்கள். முன்னாள் அதிபரின் மகனும் இன்னொரு முன்னாள் அதிபரின் தம்பியுமான ஜெப் புஷ்ஷைத் தெம்பில்லாத ஆள் என்று டிரம்ப் கிண்டலடித்தே ஓரங்கட்டினார். கடைசியில் யார் வேட்பாளர் என்பதை மாநிலம் மாநிலமாக வாக்காளர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்தார்கள். இதை அண்ணனிடம் ஒருவர் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: “அப்போ மாவட்டச் செயலாளருக்கு இன்னா மரியாதை?”

ஆனாலும் ஆள் கெட்டவர் இல்லை. நடுராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் வேலூர் சி.எம்.சி.க்கு ஓடுவது அவர் கார்தான். டீசலுக்குக் காசு கேட்டதில்லை. சீட்டு கிடைக்காதபோதும் சுயேச்சையாக நின்று யார் ஓட்டையும் பிரிக்கவில்லை. மூன்று நாள் போனை அணைத்துப் போட்டுவிட்டு, நாலாம் நாள் கூட்டணி வேட்பாளரின் ஜீப்பில் ஏறி, தொண்டை கட்டும் வரை ஓட்டுக் கேட்பார்.

எரிச்சல் வருவது வேறு இடத்தில். அந்த ஒன்றரை நிமிடத்தில் என்ன கேட்டார்கள் என்றால், “எவ்ளோ செலவு பண்ணுவேன்னாங்க, சாதி ஓட்டு எவ்ளோன்னாங்க” என்கிறார். பாலாற்றைப் பற்றி யாரும் கேட்டதாக அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவால் ஆறு கெட்ட வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் போன 28 வருஷத்தில் இந்தப் பக்கம் எத்தனை பேர் மனு கொடுத்திருப்பார்கள், எத்தனை பேர் நேர்காணலுக்குப் போயிருப்பார்கள்! ஒருவர் வாயிலாவது ஆறு வந்திருக்கக் கூடாதா?

அது பெரிய விஷயம், போகட்டும். சின்ன விஷயம் ஒன்று. ‘விருப்ப மனு அளித்த எங்கள் விருப்பமே’ என்று இருபதடி பேனர் ஒன்றை அமிர்தி பஸ் ஸ்டாப்பில் கட்டியிருக்கிறார்கள். பஸ் நேரம் எழுதிய பலகை அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அண்ணனைப் பார்ப்பவர்கள் அதை நாலடி தள்ளிக் கட்டச் சொன்னால் புண்ணியம். வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் ஜனம் வெயிலில் நிற்கிறது.