செத்தவர் எழுந்தால் சிரிக்கலாமா?

கேள்வி: செத்தவர் எழுந்து வரும் நாடகம் ஒன்றைக் கோவையில் போடப்போகிறோம். பயமும் சிரிப்பும் ஒரே மேடையில் ஒட்டுமா?
— வாசகர், பீளமேடு

பதில்: தாராளமாக ஒட்டும். ஒத்திகையை நிறுத்திவிட்டு முதலில் ஒரு படுகளம் பார்த்துவிட்டு வாருங்கள். அண்ணன்மார் கதையில் மாண்டுபோன பொன்னரையும் சங்கரையும் தங்கை தங்காள் எழுப்புகிறாள். சிறிது நேரம் பேசிவிட்டு மறுபடி மாள்கிறார்கள். இந்தக் கதையைப் படுகளமாக நடத்தும் கோயில் விழாவில் உடுக்கை முறுக்கேறும்போது ஆட்கள் அருள் வந்து பிணமாய்ச் சாய்வார்கள். வெள்ளைத் துணி போர்த்துவார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அங்கே யாராவது சிரித்தால் பெரியவர்கள் எழுந்து வருவார்கள். அது இன்னும் பயம்!

சிரிப்புக்குக் கூத்துப் பக்கம் போங்கள். அரிச்சந்திரன் மயான காண்டத்தில் சுடுகாட்டையே மேடையாக்கி, கோமாளியான கட்டியங்காரனையும் உலவவிடும் துணிச்சல் நம் கூத்தர்களுக்கு உண்டு. அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி செத்த பிள்ளையோடு வந்தால் சிரித்த வாய் தானே மூடிக்கொள்ளும்.

உங்கள் நாடகத்திலும் பிணத்துக்கு ஜோக் எழுதாதீர்கள். பிணத்தைப் பார்த்துவிட்டு, “ஏனுங், சாப்டாச்சுங்களா?” என்று மரியாதையாக விசாரிப்பவனுக்கு எழுதுங்கள்.