காற்றா, பாப்கார்னா? இரு ஊர்திகள் பற்றிய ஓர் ஆய்வு

கார் கட்டுகிறவருக்குப் பெரும்பகை எது? காற்று என்பர் ஒரு சாரார். பாப்கார்ன் என்பர் மற்றொரு சாரார். முன்னவர்க்குச் சான்று 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப். பின்னவர்க்கு 2018 மாடல் ஹோண்டா ஒடிஸி மினிவேன்.

முதலில் வேகத்தை முடித்துவிடுவோம். இ-டைப்பின் 3.8 லிட்டர் எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 265 குதிரைத்திறன். ஒடிஸிக்கு 280. அந்தக் காலத்தில் குதிரைகளைக் கொஞ்சம் தாராளமாகவே எண்ணினார்கள் என்பதையும் நினைவில் கொள்க. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலை எட்ட இரண்டுக்கும் ஏறக்குறைய ஏழு வினாடிதான். அற்றேல், இ-டைப் 150 மைல் வரை போகுமே எனின், போகட்டும். அந்த வேகத்தில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் பிள்ளையை இறக்கிவிட முடியாது ஆகலின் இவ்வாதம் தள்ளப்பட்டது.

இனி, காற்று. இ-டைப்பின் உருவத்தை வகுத்த மால்கம் சேயர் பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த வளைவுகளை அவர் அழகுக்காகப் போடவில்லை. கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். தம்மை ஒப்பனைக்காரர் வரிசையில் சேர்ப்பதும் அவருக்குப் பிடிக்காது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1963-இல் செய்யப்பட்ட இ-டைப் ஒன்றைக் கலைப்பொருளாகவே சேர்த்து வைத்திருக்கிறது. இதனால் பெறப்படுவது யாதெனின், காற்று கணக்குக்குக் கட்டுப்படும்.

பாப்கார்ன் கட்டுப்படாது. என்னை? அது சீட்டுக்கும் பெல்ட் பூட்டுக்கும் இடையிலுள்ள சந்தில் விழும். எடுக்கப் போன விரல் அதை இன்னும் கீழே தள்ளும். அங்கே முன்பே குடியிருக்கும் ஜூஸ் கறையோடு ஒட்டி, நாளடைவில் காரின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும். இதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. ஆகவேதான் ஹோண்டா பொறியாளர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு, உயர்விலை ஒடிஸிகளின் பின்பக்கச் சுவருக்குள் ஒரு வேக்குவம் கிளீனரையே பதித்தார்கள். அதன் குழாய் முன்சீட்டு வரை நீளும். சந்துக்குள் நுழையக் குறுகிய மூக்கும் உண்டு. சேயரின் வளைவுகளுக்கு இணையாக இந்த மூக்கையும் வைத்து எண்ணல் வேண்டும் என்பது என் துணிபு.

கொட்டுகிறவரைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கூரையிலுள்ள கேமரா பின்சீட்டை, இருட்டிலும், முன்னால் உள்ள திரையில் காட்டும். கார்ட்டூன் பார்க்கும் பிள்ளையின் ஹெட்ஃபோனுக்குள் அம்மாவின் குரல் நேரே இறங்கும். இ-டைப்பில் உளவு பார்க்கப் பின்சீட்டே கிடையாது. முன் கண்ணாடிக்கு மூன்று வைப்பர்கள் உண்டு, அவையும் வெளியே விழுவதைத்தான் துடைக்கும்.

இ-டைப்பைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறதே என்பார் உளர். படபடக்கும், கியர் மாற்றத்தை மென்மையாக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லாத பழைய கியர்பாக்ஸை ஏற்றத்தில் கையாளும்போது இன்னும் நன்றாகவே படபடக்கும்.

பாப்கார்னே பெரும்பகை என்னும் நம் முடிபுக்கு வலுவான சாட்சி ஜாகுவாரே. 1966-இல் அவர்கள் இ-டைப்பை ஒன்பது அங்குலம் நீட்டி, கூரையை உயர்த்தி, பின்னால் இரண்டு சிறு சீட்டுகளை வைத்தார்கள். கேட்டவர்க்கு ஆட்டோமேட்டிக் கியரும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகளில் உட்கார்ந்த பிள்ளைகள் என்ன தின்றார்கள், அதை எதைக்கொண்டு பெருக்கினார்கள் என்பன மேலாய்வுக்கு உரியன.