மீன் சாகட்டும், திருஷ்டி கழியட்டும்

வா கண்ணு, உக்காரு. இந்த மாசம் எத்தனை மீனுக்குக் காரியம் பண்ணுன? மூணா? பரவால்லையே, போன மாசத்துக்கு இது கொறைச்சல்தான். உங்கம்மா ஒன்னும் அழுவலை. "வூட்டுக்கு வந்த திருஷ்டியை மீனு வாங்கிக்கிட்டுப் போயிருச்சு"ன்னு பக்கத்து வூட்டுல பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தா, என் காதுல விழுந்துச்சு. இத்தனை பெரிய செவ்வாய்ப்பேட்டையில உன் வூட்டு மேல மட்டும் ஊருக்கண்ணு மொய்க்குறதுக்கு அங்க என்ன இருக்குதுன்னு நானும் யோசிச்சுப் பாத்தேன். புடிபடவே இல்லை சாமி.

நீ வெள்ளிப் பட்டறைக்காரன் மவன். கட்டி வெள்ளி வந்தா, சுத்தம் எவ்வளவு, டச்சு எத்தனைன்னு பாக்காம உங்கப்பன் வாங்குவானா? சொந்த மச்சானே கொண்டாந்தாலும் உரசிப் பாத்துட்டுத்தான் பேச்சு. தண்ணிக்கு மட்டும் அந்தச் சோதனையெல்லாம் கெடையாது. பளபளன்னு இருந்தா நல்ல தண்ணி! மீனு தன் கழிவைச் செவுள் வழியா அமோனியாவா விடுது. பாவம், அதுக்கு நெறம் குடுக்க ஆண்டவன் மறந்துட்டான். மீனைக் கொல்லுற அளவு கலந்தாலும் தண்ணி கண்ணாடியாத்தான் தெரியும். உன் மூக்குக்கு எட்டுறவரைக்கும் மீனு உசுரோட காத்திருக்காது.

தொட்டி வந்த அன்னைக்கே பை பையா மீனு வாங்கியாந்து கொட்டுனியே, அதான் கூத்து. லீ பஜார்ல மூட்டை எறக்க ஒரு ஆளும் வரலை, நீ லாரியை மட்டும் வரிசையாக் கொண்டாந்து நிறுத்திட்டே. தொட்டியில அந்த ஆளுங்க யாருன்னா, அமோனியாவைத் தின்னு நைட்ரைட்டா மாத்துறது ஒரு வகை பாக்டீரியா. அந்த நைட்ரைட்டும் வெசந்தான். மீனோட ரத்தத்தைப் பழுப்பாக்கி, காத்து இருந்தும் மூச்சு முட்ட வெச்சுரும். அதைத் தின்னு நைட்ரேட்டா மாத்துறது இன்னொரு வகை. நைட்ரேட்டை மீனு ஓரளவு தாங்கும். இந்த ரெண்டு கூட்டமும் ஸ்பான்ஜுலயும் கல்லுலயும் குடி வந்து சேர நாலு வாரம், ஆறு வாரம் ஆவும். உனக்குத்தான் நாலு நாள் பொறுக்காதே.

மொறைக்காதே, இதெல்லாம் காலேஜுல விலங்கியல் படிக்குற என் பேத்தி சொன்னது. இன்னொன்னும் சொன்னா. லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு கெமிஸ்ட்டு, 1849ல தொட்டியில ரெண்டே ரெண்டு தங்கமீனை விட்டாராம். கூட நீர்ச்செடி, அழுகுன இலையைத் தின்ன நத்தை. மூணும் ஒன்னுக்கொன்னு அனுசரிச்சுப் போனதை 1850ல எழுதியும் வெச்சுட்டாரு. அவர் மவன் பேரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவரு ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில உக்காந்து, அமோனியா நைட்ரேட்டாவுறது ரெண்டு கட்டமா, ரெண்டு வகைக் கிருமியால நடக்குதுன்னு காட்டுனாரு. அந்தக் கிருமியைத் தனியாப் பிரிச்சு எடுத்தது 1890 வாக்குல, வினோகிராட்ஸ்கிங்கற ரஷ்யாக்காரரு. அங்க அப்பன் தொட்டி வெச்சா மவன் அதுல போற அழுக்கு எங்க போவுதுன்னு தேடுறான். இங்க உங்கப்பன் தொட்டி வாங்குனான், நீ அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டே.

அப்புறம் உன் ஞாயித்துக்கெழமை சுத்தம். தொட்டியைக் கவுத்து, கல்லை வெளக்கி, ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில வெச்சுக் கசக்கிப் புழியுற. மேட்டூர்ல இருந்து வர்ற கார்ப்பரேஷன் தண்ணியில குளோரின் கலந்திருக்குது. கிருமியைக் கொல்லத்தான் கலக்குறான். அது நல்ல கிருமியா கெட்ட கிருமியான்னு ஆதார் கார்டு கேட்டுட்டா கொல்லும்? குடி வந்த கூட்டத்தை வாராவாரம் காலி பண்ணிட்டு, திருஷ்டி சுத்த எலுமிச்சம்பழம் தேடுறீங்க. தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே ஸ்பான்ஜை ஒரு அலசு அலசுனாப் போதும். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணி மாத்து. மாத்துற தண்ணியை முந்தின நாளே அகலமான அண்டாவுல புடிச்சு வெச்சுரு. அவசரம்னா ஹைப்போ சொட்டு விடு, குளோரின் போயிரும்.

போர் தண்ணி ஊத்துனா ஒத்துக்குமான்னு கேக்குறியா? ஏற்காட்டு அடிவாரத்துல வெள்ளைக்கல் வெட்டுற ஊரு நம்மளது, பூமிக்குள்ளயே மெக்னீசியம் கெடக்குது. பக்கெட்டு ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்குதே, அதுதான் சாட்சி. கப்பி, மோலி எல்லாம் உப்புத் தண்ணியில கூத்தடிக்கும். நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணி வேணும். ஆனா நீ வாங்குறது நியான் டெட்ரா, ஏன்னா வீடியோவுல அழகா இருந்துச்சு! போர் தண்ணியில இன்னொரு வம்பும் இருக்குது. பிஹெச் 7ல இருந்து 8க்குப் போனா, அதே அமோனியாவுல வெசமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறிரும். சித்திரை வெயில்ல தண்ணி சூடானா அந்தப் பங்கு இன்னும் ஏறும், ஆக்சிஜன் கொறையும். 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிச்சு வெக்குற தண்ணி, 30 டிகிரியில ஏழரைதான் வெக்கும். கரண்டு போனா மோட்டாரும் நின்னுரும். உனக்காவது விசிறி இருக்குது.

தண்ணியைச் சோதிக்குறது பெரிய வித்தையில்லை. அமோனியா சோதனைக் கிட்டுன்னா கண்ணாடிக் குழாயில அஞ்சு மில்லி தண்ணி எடு. புட்டியில இருக்குற சொட்டு மருந்தை எண்ணி விடு. மூடியை அழுத்தி ஆட்டு. சொன்ன நிமிசம்வரைக்கும் பொறு, அதுவரைக்கும் செல்லை நோண்டாதே. வெள்ளை வெளிச்சத்துல நெற அட்டையோட வெச்சுப் பாரு. மஞ்சளா இருந்தா நிம்மதி. பச்சை தட்டுனாத் தண்ணி மாத்து, தீனியைக் கொறை. அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துல நிக்கோணும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல போவ வேண்டாம். புதுத்தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், பழகுன தொட்டிக்கு வாரம் ஒருக்கா சோதிச்சாப் போதும்.

பட்டறையில இருந்து வந்த கையை அப்படியே தொட்டியில விடாதே. வெள்ளியும் செம்பும் தண்ணியில கரைஞ்சா மீனோட செவுளுக்கு எமன். ராசிக்குன்னு உங்கம்மா அடியில போட்ட பழைய செப்புக்காசை, அவ மாரியம்மன் கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து எடுத்துரு. கேட்டா மீனு முழுங்கிருச்சுன்னு சொல்லு, திருஷ்டியை முழுங்குற மீனுக்குக் காசு என்ன பிரமாதம்!

இன்னும் ஏன் உக்காந்திருக்குற? சாயங்காலம் கடை தொறந்திருக்கும், கிட்டு வாங்கிட்டு வா. அதை வாங்குறவரைக்கும் புதுசா ஒரு மீனும் வாங்காதே.