குழி மூடும் இலாகா

திருச்சி பாலக்கரையில் குழாய் இணைப்புக்காக வீட்டு வாசலில் நாலு அடி சாலையை வெட்டிப் பாருங்கள். கடப்பாரை தரையில் படுவதற்கு முன்பே காசு கட்டச் சொல்வார்கள். பள்ளத்தை மூடிச் சாலை போடும் செலவாம். நியாயம்தான். தோண்டியவன்தான் மூட வேண்டும்.

ஒரு டவுன் பஸ் தூரத்தில் கொள்ளிடம் ஆறு. அங்கே இந்த நியாயம் செல்லாது.

மணல் அள்ளக் கொடுக்கும் அனுமதித் தாளில் எல்லாம் உண்டு. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், வேலை முடிந்ததும் படுகையை எப்படிச் சமன்படுத்துவது. படித்தால் கண் கலங்கும். மூடப்போவது யார் என்று தேடினால்தான் சிரிப்பு வருகிறது. ஆறே மூடிக்கொள்ளுமாம்! வெள்ளம் வரும், மணல் கொண்டுவரும், குழி நிரம்பும். எங்கிருந்து கொண்டுவரும்? 1934-இல் மேட்டூரில் அணை கட்டி மணலுக்கும் சேர்த்துத்தானே கதவைச் சாத்தினோம்?

தனியாரை நம்ப முடியாது என்று 2003-இல் அரசே மணல் விற்க இறங்கியது. இருபது வருஷம் கழித்து அமலாக்கத்துறை கான்பூர் ஐ.ஐ.டி.யை வைத்து 28 குவாரிகளை அளந்தது. அனுமதித்தது 190 ஹெக்டேர், தோண்டியது 987 என்றது. மணலின் மதிப்பு 4,730 கோடி, கஜானாவுக்கு வந்த கணக்கு 36.45 கோடி என்றது. திருச்சி உட்பட ஐந்து ஆட்சியர்களுக்குச் சம்மன் போனது. அரசுக்கு ரோஷம் வந்துவிட்டது. கோர்ட்டுக்கு ஓடியது. மணல் போனதற்காக அல்ல. சம்மன் வந்ததற்காக.

ஆஜராகுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 2024 ஜூலையில், மணல் திருட்டு பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையிலேயே இல்லை என்று ஒப்பந்ததாரர்கள் மீதான நடவடிக்கையை ரத்து செய்தது உயர் நீதிமன்றம்.

அட்டவணையில் மணல் இல்லை. ஆற்றிலும் இல்லை.

குழியை மூட யாரும் செலவழிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு அணையில் ஒன்பது மதகுகள் போயின. பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. மணல் அள்ளியதாலா? சேச்சே, வயசாகிவிட்டது என்றார்கள். 1836-இல் கட்டிய அணை, வெள்ளைக்காரன் பதில் சொல்ல வரமாட்டான். புது அணைக்கு 387 கோடி. அடுத்து, புதுப் பாலத்தின் தூண்களைச் சுற்றி மண் அரித்தது. காப்பாற்ற 6.55 கோடியில் தடுப்புச் சுவர். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் சுவரே போனது. பாலத்தைக் காக்க வந்த சுவரைக் காக்க இனி ஒரு சுவர் வேண்டும். அள்ளியவன் கட்டாத காசைத்தான் தவணை தவணையாக நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். ரசீதுகூடக் கிடையாது.

சட்டம் தூங்குகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். ராத்திரி பொக்லைன் உறுமும்போது அதற்குக் காது கேட்காது, அவ்வளவுதான். விடிந்ததும் சுறுசுறுப்பாகிவிடும். கரையோரம் ஒரு மாட்டுவண்டி மாட்டும். வண்டி பறிமுதல், மணல் பறிமுதல், வண்டிக்காரர் கைது. மறுநாள் பேப்பரில் படம். வண்டிக்காரர் தலை குனிந்திருப்பார். போலீஸ்காரர் எங்கோ பார்ப்பார். மாடு மட்டும் நம்மை நேராகப் பார்க்கும்.