மைப்பொட்டைத் துடைக்காதீர்கள்

கொய்யாவுக்கும் வாத்து மீ சூப்புக்கும் பேர்போன பீடோரைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள். இருட்டோடு பால்மரம் சீவப் போன தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார்கள். ஆயா குளிப்பாட்டினார், கால் கழுவினார். யாரிடமும் கையெழுத்து கேட்கவில்லை.

இன்றைய தாஸ்கா எனும் குழந்தைப் பராமரிப்பு மையத்துக்குப் பிள்ளையோடு ஒரு பட்டியலும் வருகிறது. மைப்பொட்டைத் துடைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதீர்கள். அரைஞாண் கயிற்றைக் கழற்றாதீர்கள். மாலையில் தலைக்கு ஊற்றாதீர்கள்.

1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது கணக்கு. மூன்று குழந்தைகள், மூன்று பட்டியல்கள், இரண்டே கைகள்.

எல்லாப் பட்டியலும் வீம்பல்ல. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாட்டுப் பரிசோதனை உண்டு. அக்குறைபாடுள்ள பிள்ளையின் துணியில் அந்துருண்டை வாசமே கூடாது. அதைப் பெற்றோர் எழுதித்தான் ஆகவேண்டும்.

வேடிக்கை வேறிடத்தில். காலையில் காய்ச்சல் மருந்து ஊற்றி, “லேசான சூடுதான், சரியாயிடுச்சி டீச்சர்” என்று ஒப்படைப்பவரும் அதே பட்டியல்காரர்தான். கை, கால், வாய்ப்புண் நோயோ எச்சில், கொப்புள நீர், மலம் வழியாகப் பரவும். அந்தக் கிருமிக்கு ஆல்கஹால் ஜெல் அவ்வளவாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் மேல்.

பெற்றோரே, பட்டியலை நீட்டுங்கள், தப்பில்லை. முதல் வரியாக இதை மட்டும் சேர்த்துவிடுங்கள்: காய்ச்சல் கண்ட பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம்.